எங்கள் பார்க்கும் எதிர் பார்க்கும்

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டம் முகமாகத் தெரியாது, கையாகத்தான் தெரியும். கண்ணாடியில் விட்டிருக்கிற ஓட்டை அவ்வளவுதான். அந்த ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான் ஏழு வருடமாக இருக்கிறேன். அந்தப் பக்கம் நீங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருப்பீர்கள். பலகையில் விலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பீர்கள். விலையைச் சொல்வதற்கு எனக்கும் கூச்சம்தான். அதனால் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் தண்ணீர் பார்க் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில், முன்பு உப்பளமாக இருந்த நிலத்தில் இருக்கிறது. அதே ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பார்க். இரண்டு முதலாளிகளும் சகலைகள், அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாருடைய பார்க்கில் கூட்டம் அதிகம் என்று பேச்சு வந்து, அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அவர் ஒரு சறுக்கு கட்டினால் இவர் ஒரு குளம் வெட்டுவார். இவர் வாசலில் பெரிய சிப்பி பொம்மை வைத்தால் அவர் அதைவிடப் பெரிய முத்து வைப்பார். கட்டிய செலவெல்லாம் டிக்கெட்டில் வந்து ஏறும். அதை ஏற்றிச் சொல்வது என் வேலை. அந்த இன்னொரு பார்க்கை நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம், எதிர் பார்க் என்றுதான் சொல்வோம்.

இரண்டு கோடு

முன்னெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் இருந்தது. புதிய சறுக்கு கட்டிய வருடம் அதை எடுத்துவிட்டார்கள். கவுண்டர் சுவரில் மூன்றரை அடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, அதற்குக் கீழே இலவசம், மேலே தலை வந்தால் முழு டிக்கெட் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அப்பாக்கள் எல்லாம் பிள்ளைகளின் தோளை அழுத்த ஆரம்பித்தார்கள்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு விவசாயி மகளைக் கூட்டி வந்திருந்தார். அறுவடை முடிந்து வந்திருப்பதாகச் சொன்னார். ஆறு வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. முட்டியை லேசாக மடக்கி நில்லு என்று அவர் காதில் சொன்னது எனக்கே கேட்டது. பிள்ளை கேட்கவில்லை. பெரிய சறுக்கில் ஏற வேண்டும் என்ற ஆசையில் குதிகாலைத் தூக்கி விறைப்பாக நின்றது. தலை கோட்டைத் தாண்டியது, அவர் முழு டிக்கெட் எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அப்பாவை இழுத்துக்கொண்டு பிள்ளை என்னிடம் வந்தது. சறுக்குக்குக் கீழே இன்னொரு கோடு, நாலடியில். அதற்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டோம் என்று அங்கே நிற்கிறவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, இரண்டு கோடும் சரியாகத்தான் போட்டிருக்கிறது என்று விளக்கினார். அழுகையெல்லாம் இல்லாமல் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டது:

“நான் பெரிய ஆளா, சின்ன ஆளா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

வேவு

எதிர் பார்க்கில் எங்கள் சறுக்கைவிடப் பன்னிரண்டு படி கூடுதலாக ஒரு சறுக்கு திறந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, லீவு நாளில் அங்கே வாடிக்கையாளர் மாதிரிப் போய் எல்லா விலையையும் பார்த்து வரச் சொன்னார். உள்ளே தோசை என்ன விலை, லாக்கர் என்ன விலை, டியூப் வாடகை என்ன என்று ஒரு பட்டியலே கொடுத்தார். சேலைக்குப் பதிலாகச் சுடிதார் போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு போனேன்.

அங்கே கவுண்டரில் இருந்தது நாசரேத்துப் பெண், கிரேஸ் என்று பெயர். நான் ஓட்டையில் பணத்தை நீட்டியதும் என் கையைப் பார்த்தாள், பிறகு குனிந்து முகத்தைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது, போன புதன்கிழமை அவள் இதே வேலையாக எங்கள் பார்க்குக்கு வந்திருக்கிறாள். டிக்கெட் கொடுத்ததே நான்தான். அவள் பணத்தைத் திருப்பித் தள்ளி, அதோடு மடித்த ஒரு தாளையும் சேர்த்துத் தள்ளினாள்.

“அக்கா, உள்ள போயி வெயில்ல அலையாதீங்க. எல்லா விலையும் இதுல எழுதியிருக்கேன். எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதித் தந்துருங்க.”

அலைக் குளம்

எதிர் பார்க்கின் சறுக்குக்குப் பதிலடியாக எங்கள் முதலாளி அலைக் குளம் கட்டினார். ஒரு மணி அடிக்கும், பிறகு பத்து நிமிடம் இயந்திரம் அலை அடிக்கும், நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் கடல் சும்மா கிடக்கிறது. இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் கூட்டம் வந்தது. கூட்டம் குறைந்த நாட்களில் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பெண்கள் பக்கம் காவலுக்கு நிற்கச் சொல்வார்கள்.

அப்படி நின்ற ஒரு நாளில் திரேஸ்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். அவரும் இரண்டு மகள்களும் தண்ணீரில் கிடந்தார்கள். அவர் மனைவி மட்டும் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் கடற்கரை ஊர்க்காரி என்பதால் பேச்சுக் கொடுத்தேன். அவளுடைய தம்பி பதினோரு வருடத்துக்கு முன்னால் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஆனால் அதன் பிறகு அவள் கடலில் காலை நனைத்தது இல்லையாம். அதை எனக்குச் சொல்லும்போது அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை, விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

மூன்றாவது மணி அடித்தபோது சின்ன மகள் வந்து அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா முட்டளவு இறங்கினாள். அலை வந்து தள்ளியது, கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடப் பார்த்தேன். அதற்குள் அடுத்த அலை அவளைக் கொண்டுவந்து படியோரம் விட்டது. எழுந்து நின்று வாயில் போன தண்ணீரைத் துப்பினாள். பிறகு மறுபடியும் இறங்கினாள். இயந்திரம் நிற்கிற வரைக்கும் ஏறவே இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது ஈரத் தலையோடு என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்:

“இது நல்ல கடலா இருக்கு. கொண்டு போற ஆளத் திருப்பிக் கொண்டாந்து விட்டுருது.”

வெளிச் சாப்பாடு

வெளி உணவு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகை வந்தது. எதிர் பார்க்கில் வைத்துவிட்டார்கள், நாம் ஏன் வைக்கக் கூடாது என்பதுதான் காரணம். பையைச் சோதிக்கும் வேலை வாசல் காவலாளி மாடசாமி அண்ணாச்சிக்கு. துறைமுகத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் சரக்கைச் சோதித்த கையால் எலுமிச்சைச் சோற்றைச் சோதிக்க வேண்டியிருக்கிறது என்று அவருக்கு ஒரே வருத்தம்.

உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள் வருடத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்கி வேலை நிற்கிற சமயத்தில், வேன் பிடித்து வருவார்கள். வாராவாரம் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணம். சண்முகத்தாய் என்பவள்தான் அவர்களுக்குத் தலைவி. அண்ணாச்சி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. பலகையை ஒருத்தியை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எல்லோரும் வாசலுக்கு நேரே சிமெண்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, காலை பத்து மணிக்கே புளிச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டு முடித்தார்கள். வருகிற கார்கள் எல்லாம் அவர்களைச் சுற்றிப் போயின. எனக்கும் ஓட்டை வழியாக ஒரு முட்டை வந்தது. மேனேஜர் ஓடி வந்து இங்கே சாப்பிடக் கூடாது என்றபோது, சண்முகத்தாய் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“வெளிச் சாப்பாடுன்னு போட்டிருந்துச்சி. அதான் வெளியவே வச்சிச் சாப்பிட்டாச்சி, சார்.”

மைக்

அடுத்த வருடம் சண்முகத்தாய் வெள்ளிக்கிழமையே போன் போட்டு விலை கேட்டாள். அறுநூற்று ஐம்பது என்று நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது பலகையில் எழுநூற்று ஐம்பது. அலைக் குளத்துக்கு மேல் கூரை போடுகிறார்களாம். பத்து மணிக்குப் பத்தொன்பது பெண்கள் வந்து நின்றார்கள்.

என் வாக்கை நம்பி வந்தவர்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பழைய விலையை ஏற்காது என்றார். பெண்கள் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். இருக்கிற பணத்துக்குப் பதினாறு பேர் உள்ளே போகலாம், மூன்று பேர் வேனில் இருக்க வேண்டும். நான் இருக்கேன் என்று சண்முகத்தாய் முதலில் கையைத் தூக்கினாள். வருடம் முழுக்க உப்பில் நின்று வெடித்த கால் அவளுக்கு. இந்த ஒரு நாள் நல்ல தண்ணீரில் கிடக்கலாம் என்று பேரப் பிள்ளைகளைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கிரேஸுக்குப் போன் போட்டேன். அங்கே அன்றைக்கு அறுநூறு. ஓட்டைப் பக்கம் குனிந்து, இங்கே வேண்டாம், எதிர் பார்க்குக்குப் போங்கள், அறுநூறுதான், சறுக்கும் பெரிசு, புளிச்சோற்றையும் அங்கே அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள் என்று சண்முகத்தாயிடம் சொன்னேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கூட்டத்தை ஒழுங்கு பண்ணுவதற்காகப் போட்ட மைக்கை நான் அணைக்கவில்லை. வாசலுக்கு மேலே இருக்கிற இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரு வார்த்தை விடாமல் போயிருக்கிறது. வரிசை மொத்தமும் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு பின்னால் நின்ற குடும்பம் ஒன்று திரும்பியது. அவர்களைப் பார்த்து அடுத்த குடும்பம். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரே நேரத்தில் இருபது வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. நான் பதறி மைக்கைத் தேடினேன். மாடசாமி அண்ணாச்சி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“யம்மா, இனி மைக்க அணைச்சா என்ன, அணைக்காட்டி என்ன. பாதிப் பேரு போயாச்சி.”

முதலாளி அறை

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். அடையாள அட்டையைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டுத் தருவதைவிட நாமே தருவது மரியாதை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை, ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறார். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. படியேறும்போது இதையெல்லாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலாளி திட்டவில்லை. எதிர் பார்க்கில் அன்றைக்கு அறுநூறு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நானும் கிரேஸும் தினம் காலை விலையைச் சொல்லிக்கொள்வோம். போன கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் கொடுத்துவிட்டாள். என் இரண்டாவது மகள் ஞானஸ்நானத் தாய் வீட்டுக்கு நாசரேத் போனால் அவள் வீட்டில்தான் சாப்பிடுவாள். முதலாளி மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு அட்டையைக் கழுத்தில் போடு என்று கையைக் காட்டினார்.

“நாலு வருசமா நானும் சகலையும் ஒரு வார்த்த பேசல. இங்கன நீங்க ரெண்டு பேரும் தினம் பேசிக்கிட்டு இருந்திருக்கிய.”

ஒரே டிக்கெட்

அந்த மாதமே முதலாளிகள் வீட்டு அக்காளும் தங்கையும் சேர்ந்து ஒரு விருந்து வைத்தார்கள். சகலைகள் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று மாடசாமி அண்ணாச்சி சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம்தான். எனக்கும் கிரேஸுக்கும் ஒளிந்து ஒளிந்து போன் பேசுகிற வேலை மிச்சம். அடுத்த வாரம் இரண்டு வாசலிலும் ஒரே மாதிரிப் புதிய பலகை தொங்கியது. இரண்டு பார்க்குக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஆயிரத்து நானூறு; நடுவில் இலவச பஸ். ஒரு பார்க்குக்கு மட்டும் டிக்கெட் என்று ஒன்று இனிமேல் கிடையாது.

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் சண்முகத்தாய் போன் போட்டாள். போன தடவை எதிர் பார்க்கில் பத்தொன்பது பேரும் பொழுது சாய்கிற வரை தண்ணீரில் கிடந்ததைச் சொல்லி, பிள்ளைகளை விசாரித்துவிட்டு, விலை கேட்டாள். சொன்னேன். ஒன்று மட்டும் போதுமே என்றாள். அப்படி இல்லை என்றேன். முதலாளிகள் ராசியாகிவிட்டார்கள் என்று நடந்ததையும் சொன்னேன். ஆயிரத்து நானூறை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

“அவுக சண்டையாவே இருந்திருக்கலாம்லா, யம்மா. எங்களுக்கு அதுதான் கட்டுப்படியாச்சி.”

முதலாளிகள் முறைத்துக்கொண்டபோதும் விலை ஏறியது, கைகோத்துக்கொண்டபோதும் விலை ஏறியது. என் ஏழு வருட சர்வீஸில் இந்த ரோட்டில் கீழே இறங்கினதாக நான் பார்த்தது சறுக்கில் வழுக்கின ஜனம் மட்டும்தான்.