அடுத்த தொகுதிக்காரர்

மறுநாள் என் மகனைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவதாக இருந்தார்கள். லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்க்க அவர் அலுவலகத்தில் காத்திருந்தேன். தேர்தலில் அவருக்கு எதிரானவரின் போஸ்டரை ஜன்னலில் ஒட்டியவள் நான்.

பக்கத்தில் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த மெலிந்த மனிதர் ஒருவர், கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“நான் மற்றவருக்குத்தான் வோட்டுப் போட்டனான். எனக்கு உதவுவாரோ அண்ணை?”

“ஆருக்குப் போட்டாலும் உங்கட தொகுதிக்கு இவர்தான், தங்கச்சி. ஜெர்மனியில ரெண்டு வோட்டு. ஒண்டு தொகுதி ஆளுக்கு, மற்றது கட்சிக்கு. தொகுதி ஆள் ஏலாதெண்டால் கட்சிப் பட்டியலால வந்தவரிட்டப் போகலாம். இங்க ஒராள்தான்.”

நான் யாருக்கு வாக்களித்தேன் என்று கேட்காமலே எம்.பி. தொலைபேசியை எடுத்தார். மகனின் பயணம் நின்றது; அதை உறுதிசெய்யும் கடிதமும் என் கைக்கு வந்தது.

நான் வெளியே வந்தபோது, உதவியாளர் அந்த மனிதரின் முகவரியைப் பார்த்து, அடுத்த தொகுதி என்று மறுத்துக்கொண்டிருந்தார்.

“என்ர எம்.பி. ஏலாதெண்டிட்டார், தங்கச்சி. என்ர தம்பியையும் நாளைக்குத்தான் பிளைட்டில அனுப்பினம்.”

அவருக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மகனின் பயணத்தை நிறுத்திய அந்தக் கடிதத்தைக் கைப்பைக்குள் மறைத்தது மட்டும் நினைவிருக்கிறது.