பூனைக்கு வைத்த சோறு

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள் போனதும் வேறு வைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் "என்ன சண்டை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. அதே வீடு, அதே வாசல், அதே கிணறு. அடுப்பு மட்டும் வேறு. நல்ல நாள் பார்த்து, பின்கட்டில் புது அடுப்பில் பால் காய்ச்சி, ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, மிளகாய், விறகு எல்லாம் கொடுத்து, இனி உங்கள் பாடு என்று பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் தங்கள் குடும்பத்தைத் தாங்களே நடத்தவும் வேண்டும், கண்ணில் பட்டுக்கொண்டும் இருக்க வேண்டும் என்று எவரோ யோசித்து வைத்த ஏற்பாடு. யோசித்தவர் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். ஒரே புகைக்கூண்டுக்குக் கீழே மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சமைப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நான் நேமத்தான்பட்டியில் பிறந்து நாச்சியாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலம் பிரித்த காகிதத்தில்தான். கதை பாதியில் கிழிந்து போயிருக்கும். மிச்சத்தை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். அதனாலோ என்னவோ, முழுசாகக் கேட்கக் கிடைக்கிற மனுஷர் பேச்சு என்றால் எனக்குச் சர்க்கரை. யார் என்ன சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். இதுவும் அப்படி முடிந்து வைத்ததுதான்.

எங்களை வேறு வைத்தது அறுபதுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் கடைசிப் பிள்ளை. மூத்தவர்கள் இரண்டு பேரும் முன்பே வேறு போய், வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தார்கள். ஆக, எங்களுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு மாமியாரின் அடுப்பை நம்பி இருந்தது அவரும் மாமனாரும் மட்டும்தான். அதை அன்றைக்கு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வந்திருந்த சனமெல்லாம் என் சீர்ச் சாமானைப் பார்ப்பதிலேயே மும்முரமாக இருந்தது.

பால் பொங்கி இறக்கியதும் மாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். அவருடைய மாமியார் வேறு வைத்த பிறகும் தினமும் வந்து, கொதிக்கிற குழம்பில் கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, தன் இஷ்டத்துக்கு உப்போ புளியோ போட்டுவிட்டுப் போவாராம். "என் கொழம்பு என்ன ருசியா இருக்கும்னு எனக்கே தெரியாமத் தலை நரைச்சுப்போச்சு. இந்தப் பிள்ளைக்கு அது வேணாம். இவ அடுப்புக்கிட்டப் போயி நான் ஒரு வார்த்தை சொன்னேன்னா என்னை ஏன்னு கேளுங்க" என்றார். கேட்பதற்குத் தான் இருப்பதாக மாமனார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அத்தோடு விடவில்லை மாமியார். கை திருந்துகிற வரைக்கும் குழம்புக் கிண்ணம் இங்குட்டும் அங்குட்டும் போகக்கூடாது என்றும் சட்டம் போட்டார்.

மறுநாள் காலையில் சோறு வடிக்கப் பானை தேடினேன். என் ஆத்தா கொடுத்து அனுப்பிய சாமான் ஓர் அறை நிறைய இருந்தது. அண்டா, தவலை, குண்டான், உருளி, ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போலக் கொப்பரை. அடுக்கிலே பெரிதாக இருந்தால்தானே சபையிலே பேர். அறையின் இன்னொரு மூலையில் சொப்புச் சாமான் ஒரு பெட்டி. விரல் நுனி அளவு பானை, அதற்கு மூடி, கரண்டி. யானைக்கும் இருந்தது, எலிக்கும் இருந்தது. நடுவிலே இருந்த இரண்டு மனுஷருக்குத்தான் பானை இல்லை. கல்யாணம் என்றால் ஊருக்குப் பொங்குவது என்று நினைத்துச் சாமான் வாங்கியவர்களுக்கு, கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேருக்குப் பொங்க வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

இருந்ததில் சிறிய தவலையை அடுப்பில் ஏற்றி உழக்கு அரிசியைப் போட்டேன். அடியிலே கோலப்பொடி தூவின மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. கஞ்சி வடிக்க நான் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்துச் சாய்த்தோம். சோற்றில் பாதி கஞ்சியோடு போயிற்று. மிச்சத்தை எடுக்கக் கரண்டி எட்டவில்லை. அவர் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு வழித்தார். "நாச்சியாபுரம் முழுக்கச் சாப்பாடு போடச் சொன்னாப் போட்டுரலாம். நம்ம ரெண்டு பேரும் சாப்பிடணும்னாத்தான் வழியில்ல" என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எங்கள் சிரிப்பு அடுத்த அடுப்புக்குக் கேட்டிருக்கும். ஒரு தூண் தள்ளித்தான் மாமியாரின் அடுப்பு. ஆனால் அவர் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் விசேஷம்.

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், சோம்பேறி. நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் புளியைக் கரைத்துக் கையில் எடுத்தால், தூணுக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வரும். "ஏ பூனை, பருப்பு வேகுறதுக்கு முன்ன புளியை ஊத்துனா அது எந்த சென்மத்துல வேகும்?" பூனை என்ன சொல்லும். நான் புளியைக் கீழே வைத்துவிடுவேன். கடுகு வெடிக்கும் முன்னே வெங்காயத்தைப் போடப் போனால் பூனைக்குத்தான் திட்டு விழும். விறகை உள்ளே தள்ளினால், இப்படித் தீயை எரியவிட்டால் அடிப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று பூனைக்குத்தான் கேள்வி. அந்தப் பூனை அளவுக்குச் சமையல் படித்த பூனை சீமையிலேயே இருந்திருக்காது.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் வந்து நின்று, "ஆத்தா, பூனை வெளிய போயி ரொம்ப நேரமாச்சு" என்றார்.

தூணுக்குப் பின்னால் கரண்டி சட்டியில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு, "வந்தாச் சொல்லிரு" என்றார் மாமியார்.

மாமனாரின் பாடு வேறு மாதிரி. என் சீரில் வந்த சுவர்க் கடிகாரம் எங்கள் அறையில் மாட்டியிருந்தது. நான் பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றினால் அவருக்கு மணி பார்க்க வேண்டியிருக்கும். வந்து நின்று கடிகாரத்தையே பார்ப்பார். நான் தட்டை நீட்டுவேன். சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "மணி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் அப்படி வந்ததற்குக் காரணம் இருந்தது. மாமியாருக்குச் சின்ன அளவில் சமைக்க வராது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கூட்டத்துக்குப் பொங்கின கை. படி அரிசிக்குக் குறைத்து உலை வைத்ததே இல்லை. நாங்கள் தனியே போன பிறகும் படி அரிசிதான், பெரிய பானைதான். பிள்ளைகள் மூன்று பேரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிற கணக்கிலேயே குழம்பு. மாமனாருக்கு மத்தியானச் சோறு ராத்திரிக்கும், ராத்திரிச் சோறு காலையில் பழையதாகவும் வந்தது. ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "நான் இப்பச் சாப்பிடுற கொழம்பு முந்தாநாள் பொறந்தது ஆத்தா. நடந்தே வந்துரும்."

கடைசியில் பொறுக்க முடியாமல் திருப்பத்தூருக்குப் பஸ் ஏறினார். சந்தை நாள். சாயங்காலம் இரண்டு சின்ன வெண்கலப் பானைகளோடு திரும்பினார். இரண்டு உழக்கு அரிசி போட்டால் வாய் வரைக்கும் வரும். அதற்கு மேல் கொள்ளாது. நம்ம பக்கத்து ஆளாயிருந்துகொண்டு இவ்வளவு சின்னதாகப் பானை கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்று கடைக்காரர் சொன்னாராம். ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிஜமாகவே ஒற்றிக்கொண்டேன். தவலையைப் பிடித்துச் சாய்த்து என் முழங்கையெல்லாம் கரி.

இன்னொன்றை மாமியாரிடம் நீட்டினார். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சொப்பு வாங்கிட்டு வந்திருக்கீக. விளையாட இந்த வீட்டுல யாரு இருக்கா?" என்றார்.

சொல்லிவிட்டு அதைப் பலகையில் கவிழ்த்து வைத்தார். மறுநாளும் படி அரிசிதான், பெரிய பானைதான்.

அதுவரைக்கும் எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தப் பானையைக் கவிழ்த்து வைத்தபோது அவர் முகத்தைப் பார்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது. எங்களுக்கு வழிவிட்டு அவர் விலகிவிட்டார், அதில் குறையே வைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னப் பானையில் உலை வைத்தால், ஆத்தா பசிக்குது என்று இனி எந்தப் பிள்ளையும் வந்து நிற்காது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு அவர் கை துணியவில்லை. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர், "ஆத்தா அந்தப் பானையை நிமித்தி வைக்கணும். அதுவரைக்கும் நம்மளை வேறு வச்சது பாதிதான்" என்றார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் கை ஓரளவு திருந்தியிருந்தது. ஆகவே இரண்டு பேரையும் விருந்துக்கு அழைத்தேன். அழைப்பதையும் முறையாகச் செய்தேன். குங்குமச் சிமிழோடு தூணைச் சுற்றிப் போய், "அயித்தை, நாளைக்கு நீங்களும் மாமாவும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்" என்றேன். அவர் சிரிக்காமல் குங்குமம் எடுத்துக்கொண்டு, வந்துவிடுகிறோம் என்றார்.

மறுநாள் மத்தியானம் அரிசி கழுவின தண்ணீரில் புளி கரைத்து வைத்த வெண்டைக்காய் மண்டி, கத்திரிக்காய்ப் பொரியல், பருப்பு, பாயசம். தூணுக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்தே கப்சிப். பூனைக்கு ஒரு சொல் இல்லை. வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றின வளவில் இலை போட்டுவிட்டுக் கூப்பிடப் போனால் ஆளையே காணோம். பார்த்தால், இரண்டு பேரும் கொல்லை வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக வருகிறார்கள். மாமியார் பெட்டியிலிருந்து எடுத்த கண்டாங்கி உடுத்தியிருந்தார். மாமனார் கையில் வெற்றிலை, வாழைப்பழத்தோடு ஒரு தட்டு. விருந்தாளி என்றால் வாசல் வழியாகத்தான் வரவேண்டுமாம். எதிர்வீட்டு ஆச்சி, "எங்க போயிட்டு வாரீக?" என்று கேட்டதற்கு, "மகன் வீட்டுக்கு விருந்துக்குப் போறோம்" என்று மாமியார் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் குரலில் இருந்த மிதப்பை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

உட்கார்ந்தார்கள். பரிமாறினேன். மாமியார் மண்டியைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு இருக்கிறதா புளி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மாமனார் மறுசோறு கேட்டார். என் வீட்டுக்காரரும் கேட்டார். அப்போதுதான் என் கரண்டி பானையின் அடியில் உரசியது.

புதுப் பானையில் இரண்டு பேருக்குப் பொங்கிப் பழகியிருந்த கை, நாலு பேருக்கும் அதே பானையில் பொங்கி வைத்திருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சோறு பத்தாமல் நிற்பது எங்கள் ஊரில் சாதாரணக் காரியமா. நான் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

வெண்கலத்தில் கரண்டி உரசுகிற சத்தம் மாமியாருக்குத் தெரியாதா. தலை நிமிர்ந்தார். தூணோரம் படுத்திருந்த பூனையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அப்புறம் பூனையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, என் அடுப்புல கொஞ்சம் சோறு இருக்கு. நீ சொன்னா எடுத்தாரேன்."

நான் பானையைக் கீழே வைத்தேன். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "விருந்துக்கு வாரவ எதுக்கு உலை வச்சே?"

"பூனைக்கு வச்சேன்."

"படி அரிசியா?"

"பெரிய பூனை" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. நான், "எடுத்தாங்க அயித்தை. நானும் வாரேன், ஒருத்தரால தூக்க முடியாதுல்ல" என்றேன். அவர் எச்சில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நானும் அவருமாகத் தூணைச் சுற்றிப் போய்ப் பெரிய பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். தூக்குவதற்கு முன் அவர் ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"மண்டி நல்லாருக்குத்தா. என் மண்டி மாதிரி இல்ல. உன் மண்டி மாதிரியே இருக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் சமையலைப் புகழ்ந்திருக்கிறார்கள். இதுக்கு மேலே ஒருத்தரும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் சோறும் என் குழம்புமாக நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். பூனையும் சாப்பிட்டது. மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் காலையில் பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாமியார் அந்தச் சின்னப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவி நிமிர்த்தி அடுப்பில் வைத்து, உழக்கை எடுத்து, அரிசியை அளந்து போட்டார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் மாமனார் தட்டோடு வந்தார். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "அவ வச்ச சோறு எனக்குப் பத்தலத்தா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு என் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் அன்னக்கரண்டியை எடுத்தேன்.

"ஏத்தா" என்று தூணுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஒரு கரண்டிக்கு மேல போடாத. அப்பறம் ராத்திரி வயிறு வலிக்குதுன்னு என்கிட்டத்தான் வருவாக."

சரி அயித்தை என்றேன். பூனை அடுப்போரத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. அன்றிலிருந்து அதற்கு யாரும் சமையல் சொல்லிக்கொடுக்கவில்லை.