மெடலுக்கு ஒரு முகம்

போன வாரம் இங்கே ஒரு உலகப்போர் மெடல் படம் போட்டேனே, அதைப் பார்த்துட்டு இன்னிக்கு சுனாபட்டியிலேர்ந்து ஒரு பெரியவர் விசாரிச்சுக்கிட்டு எங்க மாட்டுங்கா வீட்டுக்கே வந்துட்டார்.

"எங்கப்பா மெடலு சார் இது. ஓரத்துல அவங்க பேரு வெட்டியிருக்கும் பாருங்க. எங்கண்ணன் வெவரம் தெரியாம பழைய சாமானோட பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுட்டான்."

பேர் வெட்டின மெடலுக்கு எங்களை மாதிரி சேகரிக்கிறவங்க வட்டாரத்துல மதிப்பு அதிகம். அந்தப் பேருக்கு ஒரு முகமும் கிடைச்சா கேக்கவே வேண்டாம். இது தெரியாம, சாட்சிக்குன்னு அப்பா அதே மெடலைக் குத்திக்கிட்டு நிக்கிற போட்டோவையும் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துக்கிடுதேன் சார்."

"கை வேர்வை பட்டா பழைய நிறம் போயிடும் பெரியவரே. கண்ணாடிப் பெட்டி வழியாவே பாருங்க."

ரொம்ப நேரம் பார்த்தார். விலை கேட்டார். விக்கிறதில்லைன்னேன். அவர் போட்டோவை நான் விலைக்குக் கேட்டேன். தரமாட்டேன்னுட்டார்.

பரவாயில்லை. அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தப்பவே அந்தப் போட்டோவை ஃபோன்ல படம் எடுத்துட்டேன். கீழே ரெண்டாவது படம்.

அவங்கப்பா போட்டிருக்கிற தொப்பி மாதிரி யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. செட் முழுசாயிடும்.