நூறு வயதுக்கு மென்றவர்

என் மாமனார் மைசூர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நூறு வயது வாழ்வதென்று தீர்மானித்துவிட்டார். அதுவரை மல்லேஸ்வரத்து வீட்டில் எங்கள் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பதரைக்கு அவரும் என் கணவரும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார்கள். பத்து மணிக்கு மாமியாரும் நானும் எங்களுக்கு இலை போட்டுக்கொண்டுவிடுவோம்.

ஓய்வு பெற்றவர் கையில் யாரோ வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. முதுமை மெதுவாக வரவேண்டுமானால் ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டுமாம். வெள்ளைக்காரர் எழுதியதையெல்லாம் உத்தரவாக எடுத்தே பழகியவர் மாமனார். ரசத்தை மென்றார். மோரையும் மென்றார்.

அதோடு விட்டாரா? எங்கள் தோட்டக்காரரின் கட்டான உடம்பைப் பார்த்துவிட்டு அரிசியை நிறுத்தி, ராகி முத்தெக்கு மாறினார். அந்தக் களியுருண்டையை இந்த ஊரில் யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, சாற்றில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொள்ளும். மாமனார் மென்றார். பாத்திரம் தேய்க்க வந்தவள் ஜன்னல் வழியே பார்த்துப் பதறிப்போனாள்.

"அய்யோ, அகியபாரது ஸ்வாமி! நுங்கபேக்கு!"

மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று அவள் கன்னடத்தில் கெஞ்சினாள். பதில் சொல்ல அவருக்கு வாய் திறக்கவில்லை. போ போ என்று கையை ஆட்டினார்.

சிரிப்புத்தான். ஆனால் ஆண்கள் எல்லாரும் எழுந்த பிறகே பெண்கள் உட்காரும் வீடு அது. பதினோரு மணிக்கு உட்கார்ந்த மாமனார் ஒரு மணிக்குத்தான் எழுந்தார். விடியற்காலையில் குடித்த ஒரு வாய் காப்பியோடு மாமியார் கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நிற்பார். நான் வெட்கங்கெட்டவள். உக்கிராண அறைக்குள் போய் வெல்லமும் பொட்டுக்கடலையும் தின்று சமாளித்தேன். மாமியாரைக் கூப்பிட்டால் வரமாட்டார். மாமனார் முகத்தில் பளபளப்பு ஏற ஏற, மாமியாருக்கு ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே மாமியார் மயங்கி விழுந்தார். வந்து பார்த்த லேடி டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று. மாமியாருக்குப் பதிலாக மாமனார் சொன்னார்:

"நான் சாப்டப்புறம்."

வேளைக்குச் சாப்பிடாவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். மாமனார் நெடுநேரம் யோசித்தார்.

"இனிமே இவளும் என்னை மாதிரி நன்னா மென்னு சாப்டட்டும். எல்லாம் சரியாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போனதும், உலையிலிருந்து வடித்த சோற்றை இலையில் போட்டு மாமியாரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"வேண்டாண்டி. அவர் இன்னும் சாப்டலையே."

"டாக்டர் சொல்லியிருக்கா. உக்காருங்கோம்மா."

அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவி வரதுடி," என்றார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாக அவர் இலையில் ஆவி வந்ததில்லை. பருப்பு விட்டுப் பிசைந்து இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார், ஈர வேஷ்டியோடு மாமனார் வாசற்படியில் வந்து நின்றார். மாமியார் எழப் பார்த்தார். தோளில் கை வைத்து அழுத்தினேன். கையில் எலும்புதான் தட்டியது.

"என்ன இது? எனக்குப் பசிக்கிறதே," என்றார் மாமனார்.

அந்த வீட்டில் யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலை பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செத்த நாழி இருங்கோ," என்றார். "நான் சாப்டுண்டிருக்கேன்."