டேவ் மணியின் கடைசி இரண்டு வார்த்தை

எலிசபெத் டீச்சர் யாரையும் சும்மா அனுப்ப மாட்டார். பால்காரர், மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர், சபைச் சந்தாவுக்கு வரும் பெரியவர், மாடியில் குடியிருக்கும் நான், எல்லோருக்கும் ஒரே வழியனுப்பல்தான். "பைய போங்க." மெதுவாக, பார்த்துப் போங்கள் என்று அர்த்தம். பாளையங்கோட்டையில் யார் வாயைத் திறந்தாலும் விழுகிற வார்த்தை. வருஷக்கணக்காகத் தினமும் கேட்டிருக்கிறேன். அப்படியும் அது என் காதில் ஏறவில்லை. எப்பேர்ப்பட்ட காது! தொலைபேசி நிலையத்தில் இரைச்சலுக்குள் ஆள் குரலைப் பிரித்துக் கேட்டுச் சம்பளம் வாங்கிய காது. தூ!

என் பேர் கோபாலசுப்பிரமணியன். பேரனைப் பார்த்துக்கொள்ளப் புனேவுக்குப் போன என் மனைவி, அடுத்த மாசம் வந்துவிடுகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆக, மேலே நான் தனி, கீழே வீட்டுக்காரர் டீச்சர் தனி. டீச்சருக்கு எழுபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. முன்னறையில் இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் மடித்த துணி இருக்கும். யாராவது வந்தால் துணியை எடுக்க வேண்டும், ஆனால் எடுத்து நான் பார்த்ததில்லை. "ஒரு ஆளுக்கு எப்படி சார் புளிக்கொழம்பு வைக்கது?" என்பார். வைத்ததை மூன்று நாள் சுடவைத்துச் சாப்பிடுவார்.

எனக்குச் சாயங்காலத்தை ஓட்ட டேவ் மணி இருந்தான். தேவசிகாமணி என்பதைத்தான் மெட்ராஸ் அப்படி நறுக்கிவிட்டது. இதே பாளையங்கோட்டையில் ஒரு சபை உபதேசியார் மகன். கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவன், அறுபதுகளில் மெட்ராசுக்குப் போய், ஹோட்டல் மேடையில் கிதாரைத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷில் ராக் பாட ஆரம்பித்தான். இரண்டு இசைத்தட்டு வந்தது. அப்புறம் குடி, மாத்திரை, மேடையில் அடிதடி. மேடைக் கிதாரை உடைத்துப் போட்டுவிட்டு, பழைய கிதாரோடு ஊருக்குத் திரும்பினான். ஓர் ஐப்பசி வெள்ளத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றில் இறங்கினவன் பிணமாகத்தான் கிடைத்தான். இருபத்தாறு வயது. தவறி விழுந்தானா, தானாக விழுந்தானா என்று தெரியவில்லை. தெரியாததால் சபையில் பெரிய மனுஷர்கள் தற்கொலைதான் என்று தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். கோயில் மணி அடிக்காமல், கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் புதைத்தார்கள்.

இவனுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெங்களூரிலிருந்து கிங்ஸ்லி நடத்துகிறார். டொரன்டோவில் ஹெப்ரான் என்று ஒருவர், பக்கம் பக்கமாக எழுதுவார். மேதையா, காப்பியடித்த குடிகாரனா? தற்கொலையா, விபத்தா? செத்தவனைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாங்கள் வக்கீல்கள் மாதிரி கத்திக்கொண்டிருப்போம். நான் விபத்துக் கட்சி. ஹெப்ரானோடு மல்லுக்கு நிற்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு முழுவதும் நான் வேறு யாரிடமும் பேசியிருக்க மாட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

போன ஐப்பசியில் என் கட்சி தோற்றது. டேவின் தங்கை மகன் பரணில் கிடந்த டேப் ஒன்றைக் கிங்ஸ்லியிடம் கொடுத்தார், அவர் அதைக் குழுவில் ஏற்றினார். சாவதற்கு மூன்று நாள் முன்பு வீட்டு மாடி அறையில் டேவே பதிந்தது. கிதார், முனகல், ஒரே இரைச்சல். கடைசியில் வாசிப்பை நிறுத்தாமலே, இழுத்து, இரண்டு வார்த்தை. பிறகு நாற்காலி தள்ளப்படும் சத்தம். அவ்வளவுதான்.

"பை, ஐ கோ," என்று எழுதினார் ஹெப்ரான். "விடைபெறுகிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் கோபால் சார்?"

நானும் கேட்டேன். பை, ஐ கோ. அப்படித்தான் விழுந்தது. மூக்குடைந்து போனேன். கிங்ஸ்லி அதையே பேராக வைத்து, டேவின் நினைவு நாளுக்குப் புது இசைத்தட்டு போடுவதாக அறிவித்தார்.

மறுநாள் சாயங்காலம் வெளிப்படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து, போனைச் சத்தமாக வைத்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். டீச்சர் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கும் சத்தம் நின்றது. கத்தியோடு வெளியே வந்தார்.

"அத இன்னொருதரம் போடுங்க."

போட்டேன். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துப்போன பாட்டுக்காரன் டீச்சர். நான் சொல்லுவேன்லா, டேவ் மணி. கடைசியா பை, ஐ கோன்னு..."

"பையாவது கோவாவது! பைய போங்கான். காது என்ன செவிடா சார் உங்களுக்கு?"

மறுபடி போட்டேன். பைய போ. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பச்சைத் தமிழ், அதுவும் எங்கள் தெருத் தமிழ். இங்கிலீஷ் பாட்டுக்காரன் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டால் தமிழ் எங்கே விழும்?

"யார்ட்ட டீச்சர் சொல்லுதான்?"

டீச்சர் உள்ளே போனார். நாற்காலியிலிருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட," என்றார்.

அந்த வார்த்தை வெளியே வந்த பிறகு மற்றதும் வந்தது. இரண்டு பேரும் ஒரே பாடகர் குழு. ஊரே குடிகாரன் என்று கதவைச் சாத்தியபோது, இவர் மட்டும் பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போய் அவன் பாடுவதைக் கேட்டுவிட்டு வருவார். டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். யாராவது பார்த்தால் படிப்பும் போச்சு, பேரும் போச்சு.

"அன்னைக்கு நல்ல மழை. படியெல்லாம் பாசி. நான் எறங்கும்போது வாசிச்சுக்கிட்டே சொன்னான், பைய போன்னு. அந்த நாற்காலிச் சத்தம் இருக்குல்லா, அது அவன் எந்திச்சு சன்னல்ட்ட வந்தது. நான் எறங்குதத பாத்துக்கிட்டு நின்னான். நான் வாரேன்னுகூட சொல்லல சார். கீழ அடுப்படியில அவங்க அம்ம இருந்தாங்க. சத்தம் கேட்டுருமேன்னு வாயப் பொத்திக்கிட்டு வந்துட்டேன். சாகப்போறவன் படியில பாசி இருக்குன்னு பாப்பானா?"

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? ஹெப்ரான் செத்தான் இன்றைக்கு என்றுதான் போனது.

"இத நீங்களே சொல்லணும் டீச்சர். உங்க குரல்ல. தட்டு வார முன்னாலயே சொல்லணும்."

"சொன்னா, ஒனக்கு அங்கன என்ன சோலின்னு கேப்பாங்க. எங்க சபைக்காரங்களும் அதுல இருப்பாங்க."

"இத்தன வருஷத்துக்கு அப்புறமா?"

"பொம்பள பேரு என்ன சார், வருஷம் ஆனா தேஞ்சா போகும்?"

நான் எழுந்து மேலே போனேன்.

இரண்டு நாள் கீழே விளக்கு எரிந்தது, ஆள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். துணி வைக்கிற நாற்காலி காலியாகவே இருந்தது.

"அன்னைக்கு மதிலோரம் கொண்டுபோனப்பயே நான் சொல்லிருக்கணும். பயந்துட்டேன். இனி யாருக்கு பயப்படணும்? எனக்குன்னு யாரு இருக்கா? எங்க அமுக்கணும், சொல்லுங்க."

குழுவைத் திறந்து, குரலைப் பதியும் இடத்தில் அவர் விரலை வைத்துக்கொடுத்தேன். கரும்பலகை முன் நிற்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். "நான் எலிசபெத். பாளையங்கோட்டை. தேவசிகாமணி டேப்புல சொல்லுதது இங்கிலீஷ் இல்ல. பைய போ. எங்கிட்டதான் சொன்னான். மழையில வழுக்கிருமேன்னு சொன்னான். அவன் சாகணும்னு நெனைக்கல. நெனச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்." அவ்வளவுதான். விரலை எடுத்துவிட்டார்.

இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாகக் குறிகள் நீலமாக மாறின. யாரோ ஒருவர், பைய என்று தமிழில் ஒரு வார்த்தை உண்டா என்று கேட்டார். ஹெப்ரான் நீளமாக எழுதினார். ஆன்ட்டியின் அன்பை மதிக்கிறாராம், ஆனால் வயதான காலத்து ஞாபகத்தைச் சாட்சியாக எடுக்க முடியாதாம். கடைசியில் கிங்ஸ்லி வந்தார். "நன்றி ஆன்ட்டி. மனதைத் தொட்டது. ஆனால் அட்டை அச்சுக்குப் போய்விட்டது. மேலும், பை, ஐ கோ என்பதில் ஒரு சோகம் இருக்கிறது. மெதுவாகப் போ என்று பேர் வைத்தால் யார் வாங்குவார்கள்?" கீழே கும்பிடுகிற கை ஒன்று. அதற்கடியில் அட்டைப் படம். கறுப்பு ஆறு, அதன்மேல் வெள்ளை எழுத்து. பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். டீச்சர் பேசியது திரையில் மேலே ஏறி, ஏறி, காணாமல் போய்விட்டது.

"விளங்குவானுவளா இவனுவ!" கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். டீச்சர் என் கையைப் பிடித்தார்.

"அனுப்பாதீங்க. விடுங்க சார். அவங்களுக்கு அவன் செத்தது பிடிச்சிருக்கு."

எழுதியதை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். இனிமேல் சாயங்காலத்தை என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை. நன்றாக இருட்டிவிட்டது. எழுந்தேன்.

"அந்த டேப்பு உங்க போன்ல இருக்கும்லா?" என்றார் டீச்சர்.

"இருக்கு. ஏன்?"

"காலையில வாங்கிக்கிடுங்களேன்."

டேப்பை எடுத்து, எங்கே தொட வேண்டும் என்று காட்டி, போனை அவரிடமே விட்டேன். புனேயிலிருந்து அழைப்பு வந்தால் வரட்டும். "வாரேன் டீச்சர்," என்று வெளியே வந்தேன்.

வழக்கமான பதில் வரவில்லை. பாதிப் படியில் நின்றேன். அது இல்லாமல் மேலே ஏறக் கால் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதற்காகக் காத்து நின்றேன். மழை தூறியது. படியில் பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது.

உள்ளே இரைச்சல் கேட்டது. கிதார் கேட்டது. பிறகு அந்தக் குரல், எனக்குச் சொல்வதுபோல, பைய போ என்றது. நாற்காலி நகர்ந்தது.

"வாரேன்," என்றார் டீச்சர். யாருக்கும் பயப்படாமல், நல்ல சத்தமாக.