அத்தானின் காளையும் சினிமா வெடியும்

சினிமாவில் வெடிக்கிற குண்டுக்குச் சத்தமே கிடையாது, வெறும் புகைதான், சத்தத்தை அப்புறம் சென்னையில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தொண்ணூறுகளில் நான் முழுசாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ஒக்கூரில் இருந்த என் அக்கா வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். காரைக்குடிப் பக்கம் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வீடு, வண்டி, ஆள் எல்லாம் பிடித்துக் கொடுப்பதுதான் அப்போது என் பிழைப்பு. அந்த முறை வந்தது போர்க்காலச் சிரிப்புப் படம். பர்மாவிலிருந்து தப்பி வருகிற இரண்டு சிப்பாய்கள் ஒரு காளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குண்டுமழையிலிருந்து தப்பிக்க வேண்டும். அத்தானிடம் ஒரு செவலைக் காளை இருந்தது. மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்டால் யார் கைக்கும் சிக்காது.

“வெடி கிடி போடுவாய்ங்களா மாப்ள?” என்றார் அத்தான்.

“வெறும் புகைதான் அத்தான். பயப்படாதீக. நான் பக்கத்துலயே நிப்பேன்ல.”

“நீ நிக்கிறதுதான்டா பயமே.” ஆனாலும் அனுப்பி வைத்தார்.

பொட்டலில் செவலையின் முன்னங்கால்களைக் கம்பியால் முளைக்குச்சியோடு கட்டினார்கள். எதற்கு என்று கேட்டேன். “அசையாம நின்னாத்தான் சார் சிரிப்பு வரும்” என்றார் உதவி இயக்குநர். பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி நானும் தலையை ஆட்டினேன். பக்கத்திலேயே குழி தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். வெடித்ததும், பக்கத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்த நான்தான் முதலில் ஓடினேன். வேட்டி கருவேல முள்ளோடு போய்விட்டது. நிஜமாகவே போர் வந்துவிட்டது என்று ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் புகுந்து, முருகனையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். நான் ஓடியது இயக்குநருக்குப் பிடித்துப்போய், அதைக் கேமராவில் சரியாகப் பிடிக்க மறுபடி மறுபடி வெடிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் ஓடினேன். காளைக்கு ஓட வழியில்லை.

படம் வந்தபோது கொட்டகையில் எனக்கு விசில் பறந்தது. செவலை நடுங்கியதற்கும் அதே சிரிப்பு. இடைவேளைக்குக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டேன். படப்பிடிப்பு முடிந்த அன்று சாயங்காலம் நடந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

அன்று செவலையைக் கொண்டுபோய், தண்ணீர் வற்றிக் கிடந்த ஒக்கூர்க் கண்மாய்க்குள் மேய அவிழ்த்துவிட்டோம். பொழுது சாய்ந்ததும் அத்தான் கரையில் நின்று குரல் கொடுத்தார். வழக்கமாக ஒரு குரலுக்கே திரும்பிவிடும் மாடு, புல்லிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“என் மேல கோவமா இருக்கு அத்தான்” என்றேன்.

அவர் இறங்கிப் போய், அதன் பின்னால் நின்று கை தட்டினார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காதுகூட அசையவில்லை.

செவலை செவிடாகியிருந்தது.