சாவி வண்டியிலேயே இருந்தது

வண்டி காணாமல் போன பத்தாவது நிமிடத்தில் நான் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன். அழுகை வரவில்லை. கைப்பேசியில் குறிப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். வாடகை ஸ்கூட்டர், நீல நிறம், இடது கண்ணாடியில் விரிசல். கடைசியாகப் பார்த்த நேரம், காலை எட்டு இருபது. இடம், என் அறைக்குப் போகும் சந்தின் முனை. ஹெல்மெட், என் கையில். பாஸ்போர்ட், வாடகைக் கடைக்கார அம்மாவின் மேசை இழுப்பறையில். சாவி என்று தட்டியதும் விரல் நின்றுவிட்டது.

சாவி வண்டியிலேயே இருந்தது.

வியட்நாமில் ஒரு கடலோர ஊர். மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிக்கிற வேலைக்குப் போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே சில வாடகைக் கடைகளில் வண்டி கொடுக்கும்போது அசல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்காதே என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். நகல் மட்டும் போதும் என்கிற கடை ஊரின் மறுகோடியில் இருந்தது. இது அறைக்குப் பக்கத்தில் இருந்தது. கொடுத்தேன். இது முதல் தவறு.

இரண்டாவது தவறு சாவி. சந்து முனையில் ஒரு பெண் தட்டுக்கூடையில் கறுப்புத் திராட்சை வைத்திருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போய், குனிந்து, ஒரு கொத்தைத் தூக்கிக் காம்பைப் பார்த்தேன். எத்தனை நாளைக்கு முன்னால் வெட்டியது என்று காம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு நாள். நிமிர்ந்து திரும்பினால் வண்டி நின்ற இடத்தில் வெறும் எண்ணெய்ச் சொட்டு.

எங்கள் ஊர் ஓடைப்பட்டி. எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குள் போகிற பாதை சரியாக ஒரு டிராக்டர் அகலம். அந்தப் பாதையில் பைக்கை நிறுத்துகிறவர்கள் சாவியை எடுக்கக் கூடாது. பூச்சிமருந்து டாங்க்கை இழுத்துக்கொண்டு டிராக்டர் வந்தால், யாருடைய பைக்காக இருந்தாலும் டிரைவரே ஏறி ஓட்டி ஓரமாக விட்டுவிட்டுப் போவார். சாவியை எடுத்துக்கொண்டு யாராவது திராட்சைப் பந்தலுக்குள் போய்விட்டால், குனிந்து குனிந்து வரிசை வரிசையாக அவரைத் தேட வேண்டும். கலக்கிய மருந்து அதுவரை காத்திருக்காது. அன்றைக்கு முழுக்க அவருக்கு வசவுதான்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் சாவியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டேன். டிராக்டர் கால் மணி நேரம் நின்றது. "ஏத்தா, இங்கன யாரு உன் வண்டியக் களவாங்கப் போறாக?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினான். "அடுத்தவன நம்பாதவன்தான் சாவிய எடுப்பான்." அதற்குப் பிறகு ஒரு குறுகலான இடத்தில் வண்டியை நிறுத்தினால் என் கை சாவியைத் தொடாது. தேனியில் மாமா வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் அந்தப் பழக்கத்தை அடக்கி வைத்திருந்தேன். அது போய்விட்டது என்றுகூட நினைத்திருந்தேன்.

கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கோபப்படவில்லை. தன் கைப்பேசியில் வியட்நாமியில் பேசி, அது ஆங்கிலத்தில் சொல்வதை என் பக்கம் நீட்டினார். திருடு போன வண்டியின் சாவியைக் காட்டினால் வண்டி விலையில் பாதி கட்ட வேண்டும். சாவி இல்லையென்றால் முழுதும். கட்டியதும் பாஸ்போர்ட். சுவரில் அதே விதி, ஆங்கிலத்தில், அதே இரண்டு வரியில், முன்பே ஒட்டப்பட்டிருந்தது. நான்கு மாதமாக வாடகை கட்டப் போகும்போதெல்லாம் நான் அதன் கீழே நின்றிருக்கிறேன்.

பக்கத்து அறையில் இருந்த பெண் ஒரு வழி சொன்னாள். சந்தையில் அதே கம்பெனிச் சாவி பழையது கிடைக்கும், வாங்கிக் காட்டு. "மாட்டிக்கொண்டால்?" என்றேன். "வண்டியே இல்லை, எதில் போட்டுப் பார்ப்பார்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன். காவல் நிலையத்தில் கொடுத்த அறிக்கையிலும் சாவி வண்டியில் இருந்தது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி வாங்கிய அதிகாரி அந்த வரியில் பேனாவை வைத்து என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

வண்டியைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. பாஸ்போர்ட் வேண்டும். மூன்று வாரத்தில் அப்பாவின் வருஷத் திதி. திதி முடிந்த கையோடு தோட்டத்தைப் பற்றிப் பேசிவிடலாம் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி அவர். தேனி அல்லிநகரத்தில் உரக்கடை. எங்கள் வீட்டில் எதைப் பேசி முடிப்பதென்றாலும் அவர்தான்.

தோட்டம் மூன்று ஏக்கர். அப்பா எதுவும் எழுதி வைக்காமல் போய்விட்டார். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். கிணற்றுக்கு மேற்கே இருக்கிற ஒரு ஏக்கரை நான் கேட்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பதினொரு பக்கத்துக்குத் திட்டம் எழுதி வைத்திருந்தேன். சொட்டுநீர்க் குழாயை எப்படி மாற்றுவது, மண்ணின் ஈரத்தை அளக்கிற சென்சாரை எந்தெந்தக் கல்தூணில் கட்டுவது, எந்த மாதம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது. வெளிநாட்டில் இரண்டு வருடம், பிறகு ஊர். வேலைக்குப் போனதே அதற்காகத்தான். நான் நேரில் இல்லாவிட்டால் பேச்சு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

வழிகளை எழுதிப் பார்த்தேன். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிது கேட்கலாம். தொலையவில்லை, இழுப்பறையில் இருக்கிறது, அதனால் அது பொய். ஊருக்குப் போகாமல் இருக்கலாம். அப்படியானால் தோட்டம் இல்லை. முழுத் தொகையையும் கட்டலாம், என்னிடம் இல்லை. மீதி இருந்தது ஒன்றுதான்.

அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். சாவி விஷயத்தையும் சொல்லிப் பணம் கேட்டேன். "உனக்கு ஒன்னும் ஆகலல்ல?" என்றான். "இல்லண்ணே." "எந்தக் கணக்குன்னு அனுப்பு. பயந்துக்கிறாத, நா இருக்கேன்ல." சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிட்டது. வண்டி போன பிறகு நான் முதல் முறையாக அழுதது அப்போதுதான்.

ஊரில் இறங்கும்போது எனக்கு முன்னால் என் கதை இறங்கியிருந்தது. திதிக்கு வந்திருந்த பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, வந்த பஸ்ஸயாவது பத்திரமா நிப்பாட்டிட்டு வந்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செருப்பைக் கழற்றி விட்டால் மாமா, "ஏலே, பிள்ள செருப்ப வெளிய விட்டுருக்கு, ஆள் போட்டுப் பாத்துக்கங்கடா" என்றார். பந்தி பரிமாறும்போது அண்ணன் மனைவி, "இலைய விட்டு எந்திரிச்சிராதீக" என்றாள். ஒவ்வொன்றும் நல்ல நகைச்சுவைதான். மொத்தம் ஏழு. எண்ணினேன்.

சாப்பாடு முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, பெரிய அறையில் நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். நான் பையிலிருந்து பதினொரு பக்கத்தை எடுத்தேன். மாமா தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்தார். அவர் முந்திக்கொண்டார்.

"பாகம் பிரிக்கிறதுன்னு ஊர் சிரிக்கிற மாதிரி எதுக்கு? நீயும் அம்மாவும் உங்க பங்க அண்ணனுக்கே விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா சோலி முடிஞ்சது. உங்கப்பாவும் அப்பிடித்தான் நெனச்சாக."

"எனக்குக் கெணத்துக்கு மேக்க ஒரு ஏக்கர் வேணும் மாமா. நானே பாத்துக்கிறேன்."

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வண்டி. அதுவும் வாடக வண்டி. அதையே பாத்துக்க முடியல. நீ தோட்டத்தப் பாப்பியா?" என்றார் மாமா. குரலில் கேலி இல்லை. காலையிலிருந்து எல்லாரும் சிரித்தது இந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் தயார் பண்ணத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சாவியை வண்டியில் விட யார் கற்றுக்கொடுத்தது என்று நான் அண்ணனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்திரத்தை வாங்கிப் படித்தேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது வேலையில் வந்த வழக்கம். முத்திரைத்தாள் வாங்கிய தேதி பின்பக்கம் இருந்தது. என் வண்டி திருடு போனதற்குப் பதினொரு நாள் முன்னால்.

"இந்தத் தாள் வண்டி போறதுக்கு முன்னாடியே வாங்குனதுல்லண்ணே?"

"ஏதோ வாங்கி வச்சது. தேதியெல்லாமா பாப்ப?" என்றான், நிமிராமல்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ பணம் கேட்டப்ப அவன் ஒடனே அனுப்புனான்ல. அப்ப அவன் தேதி பாத்தானா?"

அம்மா சொன்னதும் உண்மை, பின்பக்கத் தேதியும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அம்மா அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், அண்ணன் போடுகிற சோற்றைத்தான் சாப்பிட வேண்டும் என்பதும் ஒரு வரி. பதினொரு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். ஒருவரும் அது என்ன என்று கேட்கவில்லை.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகம். டோக்கன், புகைப்படம், இடது கட்டைவிரல் ரேகை, நான்கு இடத்தில் கையெழுத்து. "சம்மதத்தோடதானம்மா எழுதிக் குடுக்கிறீக?" என்று வழக்கமான கேள்வி. "ஆமா சார்" என்றேன். பொய் சொல்ல வராது என்று நினைத்திருந்தேன் அல்லவா? முதல் பொய் ஒரு அரசு அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, சுலபமாக வந்தது. வெளியே வந்ததும் அண்ணன் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். வழுக்கையை வெட்டி வாங்கி, "தின்னு, உனக்குப் பிடிக்கும்ல" என்றான். பிடிக்கும். தின்றேன்.

கிளம்புகிற நாள் காலையில் பெட்டியை மாமாவின் கார் முன்னாலேயே அல்லிநகரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். கடைசியாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு அது குறுக்கு வழி.

பாதையின் நடுவில் அண்ணனின் பைக் நின்றது. சாவி அதில் தொங்கியது. பந்தலுக்குள் எங்கோ அண்ணனின் குரல், யாரையோ குழாயைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கிணற்றுப் பக்கம் டிராக்டர் புறப்படுகிற சத்தம். மருந்து கலக்கி முடித்திருப்பார்கள். கிணற்றுக்கு மேற்கே ஒரு ஏக்கர், பிஞ்சு பிடித்து, கம்பியெல்லாம் பச்சையாக இருந்தது.

நான் நின்றேன். கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தேன். என் தோள்பையில் பாஸ்போர்ட் இருந்த அறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். வேகமாக நடக்கவில்லை. வழக்கமாக நடக்கிற மாதிரியேதான் நடந்தேன். ரோட்டுக்கு வந்த இரண்டாவது நிமிடம் பஸ் வந்தது.

சின்னமனூருக்குப் பாதி வழியில் அண்ணன் கூப்பிட்டான். பின்னால் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது, இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, இங்கிட்டா போன? வண்டில சாவி இருந்துச்சா, பாத்தியா?"

"நா பாக்கலண்ணே."

"எந்தக் களவாணிப் பயன்னு தெரியலயே. வண்டிய விட்டுட்டுச் சாவிய மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். இருவது வருசமா இங்கன இப்பிடி நடந்ததில்ல." பிறகு சிரித்தான். "உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கிருச்சு போல."

"தூக்கி ஓரமா வைங்க."

"நாலு பேரு தூக்கிக்கிட்டுத்தான் இருக்கோம். சரி விடு, சாவிதான, தேனியில ஒன்னு வெட்டிக்கிறலாம். நீ பத்திரமாப் போ. போயி இறங்குனதும் போன் போடு."

வைத்துவிட்டான். அவன் குரலில் என்மேல் துளி சந்தேகம் இல்லை. ஒரு ஏக்கரைப் பார்த்துக்கொள்ள என்னை நம்பாதவன், சாவியை நான் எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால், எதிர்ப் பஸ்ஸைப் பிடித்தால், இருபது நிமிடத்தில் தோட்டம். ஏதோ ஞாபகத்தில் எடுத்துப் பையில் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். எட்டாவது நகைச்சுவையாக அது சுற்றும், அவ்வளவுதான். விமானத்துக்கு நேரம் இருந்தது.

அடுத்த நிறுத்தம் வந்தது. கண்டக்டர் படியில் நின்று, "இறங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். என் பக்கமாகத்தான் பார்த்தார், நான் பையின் ஜிப்பில் கை வைத்திருந்ததால்.

"இல்ல," என்றேன். "போகலாம்."